மதிப்பெண்ணும் வாசகனும்

1

பரீட்சைத் தாளில் எழுதப்படுவதை எழுத்து என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். அதில் வார்த்தைகள் இருக்கின்றன, வாக்கியங்கள் இருக்கின்றன, சில வேளைகளில் அபிப்பிராயம்கூட இருக்கிறது. வாசகன் மட்டும் இல்லை. திருத்துபவர் இருக்கிறார். தனக்கு ஏற்கனவே தெரிந்தது தாளில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவர் வேலை. தெரியாத ஒன்று தாளில் தட்டுப்பட்டுவிட்டால் அது அவருக்கு இடைஞ்சல். வாசகனோ தெரியாததற்காகவே வருகிறவன். தாளில் மாணவனின் பெயர் மறைக்கப்பட்டு ஒரு பொய் எண் இடப்படுகிறது; திருத்துபவர் யார் என்பது மாணவனுக்கும் தெரியாது. யாரோ ஒருவன், யாரோ ஒருவருக்கு, இருவருக்கும் முன்பே தெரிந்ததைச் சொல்கிறான். பிறகு தாள்கள் கட்டாகக் கட்டப்பட்டு, விதித்த காலம் வரை கிடந்து, பழைய பேப்பராகின்றன. மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ இப்படி எழுதிவிட்டு வெளியே வருகிற ஒருவன் மனதில் எழுத்து என்பது என்னவாகப் படிந்திருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வலைப்பதிவும் விக்கியும் கல்லூரிகளுக்குள், முதலில் அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களுக்குள், கொண்டுவரப்பட்டன. மாணவன் இனி ஆசிரியருக்காக எழுத வேண்டாம், உலகத்துக்காக எழுதட்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எழுதட்டும்' என்ற சொல்லில் அனுமதியும் இருக்கிறது, கட்டளையும் இருக்கிறது. எது என்று பேசுபவனின் குரலை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். அந்த இரண்டு அர்த்தங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

வலைப்பதிவையும் விக்கியையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டும் இணையத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. வலைப்பதிவு ஒரு தனிக்குரல். தேதியிட்டு, புதியது மேலே பழையது கீழே என்று அடுக்கப்படும் குறிப்புகள். நாட்குறிப்பின் வடிவம் அதற்கு உண்டு. நாட்குறிப்பின் தனிமை கிடையாது. விக்கியில் நடப்பது வேறு. அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியைப் பொதுப் பார்வைக்கு வைத்தபோது, நிரலாளர்கள் தங்கள் அனுபவ அறிவைப் பரிமாறிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்தது. ஹொனலூலு விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று அர்த்தம். அங்கே யார் எழுதிய வாக்கியத்தையும் யாரும் மாற்றலாம். 2001ல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும், எவர் செய்தது, எந்த நிமிஷத்தில் செய்தது என்ற விவரத்தோடு ஒரு வரலாற்றுப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், அதைப் பற்றி வாதிட ஒரு பேச்சுப் பக்கமும் உண்டு.

வலைப்பதிவில் 'நான்' கெட்டிப்படுகிறது. விக்கியில் 'நான்' கரைகிறது. தார்மீக ரீதியில் இவை இரண்டு வேறு காரியங்கள். முதலாவதில் என் வார்த்தைக்கு நான் மட்டுமே பொறுப்பு. இரண்டாவதில், நான் எழுதாத வார்த்தையும் என் கண்ணில் பட்டபின் என் பொறுப்பாகிவிடுகிறது. தவறு என்று தெரிந்தும் அதைத் திருத்தாமல் நகர்ந்தால் நானும் அந்தத் தவறுக்கு உடந்தை.

இங்கேதான் மதிப்பெண் வந்து மோதுகிறது. மதிப்பெண் தனி ஆளுக்கு உரியது. விக்கியின் வாக்கியம் தனி ஆளுக்கு உரியதில்லை. சக மாணவி எழுதிய தளர்ந்த வாக்கியத்தை ஒருவன் செப்பனிட்டால் மதிப்பெண் யாருக்கு? அவளுடைய பத்தி தேவையில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. ஆனால் பத்தியை நீக்குவது அவளுடைய மதிப்பெண்ணையும் நீக்குவது என்னும்போது எந்தத் தோழன் அதில் கை வைப்பான்? வகுப்பறை விக்கிகளில் மாணவர்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பார்களே தவிர மற்றவன் எழுதியதைத் தொடமாட்டார்கள் என்பது இதை முயன்று பார்த்த ஆசிரியர்கள் பலரும் கண்டது. இதைக் கூச்சம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது கூச்சமாகப் படவில்லை. அந்தச் சூழலில் அவர்களுக்கு இருந்த நியாய உணர்வு அது. மதிப்பெண்ணின் உலகத்தில் இன்னொருவன் வாக்கியம் இன்னொருவன் சொத்து.

2

இந்த முரண்பாட்டை மிகத் துணிச்சலாகக் கடந்த ஒரு முயற்சி 2008ல் நடந்தது. வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், லத்தீன் அமெரிக்க இலக்கியம் சொல்லிக்கொடுத்த ஜான் பீஸ்லி-மர்ரி, தன் மாணவர்களை வழக்கமான கட்டுரைகளுக்குப் பதிலாக விக்கிப்பீடியாக் கட்டுரைகள் எழுதச் சொன்னார். விக்கிப்பீடியர்கள் ஒரு கட்டுரையை 'நல்ல கட்டுரை' என்று அங்கீகரித்தால் அதை எழுதிய குழுவுக்கு முதல் தரம். அதற்கும் மேலான 'சிறப்புக் கட்டுரை' அந்தஸ்து கிடைத்தால் அதையும் மிஞ்சிய தரம். அதாவது, மதிப்பெண் போடும் பேனாவை வகுப்பறைக்கு வெளியே, முகம் தெரியாத மனிதர்களிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வகுப்பு எடுத்துக்கொண்ட நூல்களில் ஒன்று அஸ்தூரியாஸின் 'எல் ஸென்யோர் பிரெஸிடென்டே' நாவல். 1933ல் எழுதி முடிக்கப்பட்டு, 1946 வரை அச்சேறாமல் கிடந்தது. கௌதமாலாவை 1898 முதல் 1920 வரை ஆண்ட எஸ்த்ராதா கப்ரேராவின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தாலும், நாவலில் அந்த ஜனாதிபதிக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாத ஒரு அதிகாரம், காதில் விழுந்த வதந்தியாலும் பயத்தாலும் ஒரு ஊரையே ஆட்டிவைப்பதுதான் கதை. இந்த நாவலைப் பற்றி, தங்களுக்குத் தெரியாத மனிதர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, மாணவர்கள் ஒரு கட்டுரையை நூற்றுக்கணக்கான தடவை திருத்தினார்கள். கட்டுரை சிறப்புக் கட்டுரை ஆயிற்று.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த அந்நியர்கள் கேட்ட கேள்வியின் ரகம். திருத்துபவர் 'இது சரியா?' என்று பார்ப்பார். விக்கிப்பீடியர், அந்த வாக்கியம் சரி என்று தனக்குத் தெரிந்திருந்தாலும்கூட, 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார். சான்று எங்கே? அந்தச் சான்று உண்மையில் இதைத்தான் சொல்கிறதா? இரண்டு விமர்சகர்கள் முரண்பட்டால் ஒருவரை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டாய்? மூன்று வருஷப் படிப்பில் ஒரு தடவைகூட ஒரு மாணவனிடம் கேட்கப்படாமல் போய்விடக்கூடிய கேள்விகள் இவை.

பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் ஸாக்ரடீஸ் எழுத்தின்மீது வைக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. எழுதப்பட்ட வார்த்தையிடம் கேள்வி கேட்டால் அது திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும்; தாக்கப்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது; தகப்பன் வந்து காப்பாற்ற வேண்டும் என்கிறார். கல்லூரிக் கட்டுரை இந்த அநாதைத்தனத்தின் உச்சம். தகப்பனே அதை மறுநாள் மறந்துவிடுகிறான். விக்கியின் பேச்சுப் பக்கம் இருபத்துநான்கு நூற்றாண்டுகளாக நிற்கும் அந்தக் குற்றச்சாட்டுக்கு அரைகுறையான, ஆனால் நிஜமான ஒரு பதில் என்று சொல்வேன். அங்கே வார்த்தை கேள்விக்கு உட்படுகிறது. எழுதியவன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

3

வான்கூவருக்கு மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 2011ல், புனேயில் சில கல்லூரிகளில் இதே காரியம் பெரிய அளவில் தொடங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் தங்கள் பாடத்தின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத ஏற்பாடு. சில மாதங்களுக்குள், சேர்க்கப்பட்ட பகுதிகளில் பெருமளவு புத்தகங்களிலிருந்தும் பிற இணையப் பக்கங்களிலிருந்தும் அப்படியே எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது. பல தேசங்களில் இருந்த தன்னார்வலர்கள், ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு சேர்க்கையாகப் புரட்டி, எது எங்கிருந்து வந்தது என்று தேடி, நீக்க வேண்டியிருந்தது.

நம்மவர்களின் நேர்மைக் குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இந்த விளக்கம் சோம்பேறித்தனமானது. அந்த மாணவர்கள் எதைச் செய்தார்கள்? புத்தகத்தில் இருப்பதைப் பிசகாமல் எடுத்து வைத்தார்கள். நம் கல்வி முறையில் இதற்குப் பெயர் திருட்டு அல்ல. இதற்குப் பெயர் படிப்பு. வகுப்பில் ஆசிரியர் நோட்ஸ் சொல்ல, மாணவன் எழுதிக்கொண்டு, மனப்பாடம் செய்து, தாளில் இறக்கி வைக்கிறான். சொந்த வார்த்தையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று எச்சரிக்கப்பட்டு வளர்ந்தவன். அவனை ஒரு நாள் திடீரென்று, சொந்த வார்த்தை மட்டுமே செல்லுபடியாகும் ஒரு வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மதிப்பெண்ணை மட்டும் அவன் சட்டைப்பையிலேயே விட்டுவைத்தார்கள். அவன் மதிப்பெண்ணுக்கு விசுவாசமாக இருந்தான். பரீட்சைத் தாள் அவனோடு கூடவே உலகத்துக்குள் போயிற்று.

ஆனால் பரிதாபத்தோடு நின்றுவிட எனக்கு உரிமை இல்லை. மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்நியனையும் யோசிக்க வேண்டும். அவன் தன் மாலை நேரத்தை, தனக்குப் பிடித்த ஒரு பொதுக் காரியத்துக்காகச் சம்பளமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தவன். தெரியாத ஊரின் தெரியாத கல்லூரிகள் அவனை, அவன் சம்மதம் கேட்காமல், விடைத்தாள் திருத்துபவனாக நியமித்துவிட்டன. மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் சொன்னதை நீதிநூல் பாடத்தில் ஒப்பிக்க வைக்கிறோம். வாசகனைக் கருவியாக நடத்துவதும் அதில் சேர்த்தி என்பது நமக்குத் தோன்றுவதில்லை. 'உலகத்துக்காக எழுது' என்று சொல்கிற ஆசிரியர், உலகம் படிக்கக் காத்திருக்கிறது என்ற அனுமானத்தோடு சொல்கிறார். உலகம் காத்திருக்கவில்லை. அது வேறு வேலையாக இருக்கிறது. அதன் நேரத்தைக் கேட்பதற்கு ஒரு யோக்கியதை வேண்டும். அந்த யோக்கியதையைக் கற்றுக்கொடுப்பது பிரசுரத்துக்கு முந்திய வேலை.

வான்கூவரிலும் மதிப்பெண் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அங்கே ஒரு சிறிய வகுப்பு, ஒவ்வொரு கட்டுரைக்கும் சிலர், எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்த ஒரு ஆசிரியர். தங்கள் விருப்பத்தின் பேரில் உதவ முன்வந்த தேர்ந்த விக்கிப்பீடியர்கள் சிலரும் இருந்தார்கள். அங்கே அந்நியன் நியமிக்கப்படவில்லை, அவனாக வந்தான். வித்தியாசம் தேசத்தில் இல்லை, எண்ணிக்கையிலும் சம்மதத்திலும் இருக்கிறது.

4

அந்நியனின் சம்மதத்தைப் பேசினேன். மாணவனின் சம்மதம்?

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் வகுப்பறை விக்கிகளின் முன்னோடிகளில் ஒன்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து அங்கே மாணவர்கள் பாடம் பாடமாக விக்கிப் பக்கங்கள் எழுதிவந்தார்கள். 2011 நவம்பரில் நிர்வாகம் பழைய பருவங்களின் பக்கங்களை எல்லாம் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்றைக் காரணம் காட்டினார்கள்: இன்ன மாணவர் இன்ன வகுப்பில் இருந்தார் என்பதே அந்தப் பக்கங்களால் வெளியே தெரிகிறது என்பது அவர்கள் வாதம். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு அப்படியே மறைந்தது.

சட்டத்தை அவர்கள் வாசித்தது சரிதானா என்பது வக்கீல்களின் விவாதம். எனக்குப் பட்டது ஒன்றுதான். எழுத வேண்டும் என்று தீர்மானித்தது ஸ்தாபனம். அழிக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் ஸ்தாபனம். எழுதியவனை இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை. உலகத்துக்காக எழுதியவனுக்கு அந்த உலகத்தில் ஒரு மூலைகூடச் சொந்தமில்லை. அவன் வாடகைக்கு இருந்தவன்கூட இல்லை, கொலு பொம்மை.

இதை உணர்ந்து வேறு விதமாக யோசித்தவர்கள் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013லிருந்து மாணவர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் சொந்தமாக ஒரு முகவரியும் இடமும் கொடுக்க ஏற்பாடு செய்தது. அந்தத் திட்டத்தின் பெயர், வர்ஜீனியா உல்ஃப் 1929ல் பிரசுரித்த 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலின் தலைப்பைத் தழுவியது: அறை என்ற இடத்தில் இணைய முகவரி. பட்டம் வாங்கிய பிறகு மாணவர் அந்த இடத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கான செலவு அன்றிலிருந்து அவருடையது. நல்ல யோசனை. ஆனால் உல்ஃப் அறையை மட்டும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஐந்நூறு பவுண்டும் கேட்டார். அறைக் கதவுக்கு ஒரு பூட்டும் கேட்டார். பவுண்டு போகட்டும். பூட்டு? உள்ளிருந்து போடும் பூட்டு. இன்று யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை. வாரத்துக்கு இரண்டு பதிவுகள், ஒவ்வொன்றும் முந்நூறு வார்த்தை, தவறினால் மதிப்பெண் குறையும் என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும்போது, அறை அவனுடையதாக இருக்கலாம், கதவு ஆசிரியருடையது.

பூட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கங்களை வாசிக்கிற உங்களில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள். முதல் கவிதைகளைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள், அல்லது கிழித்திருக்கக் கூடாதா என்று இன்று நினைப்பீர்கள். அந்தக் கிழித்தல் எழுத்தின் எதிரி அல்ல. எழுத்தின் ஒரு பகுதி. பத்தொன்பது வயதில் ஒருவனுக்குத் தவறான அபிப்பிராயம் வைத்திருக்க உரிமை உண்டு. அதை இருபத்தொரு வயதில் கைவிட உரிமை உண்டு. கைவிட்டது யாருக்கும் தெரியாமல் இருக்கவும் உரிமை உண்டு. பெயரும் தேதியும் இட்டு அதை நிரந்தரப்படுத்தச் சொல்வது, சுதந்திரத்தின் பாஷையில் இடப்படும் ஒரு கட்டளை. விசேஷமாக ஒரு பெண்ணுக்கு, ஒரு தலித் மாணவனுக்கு, வீட்டுக்குத் தெரியாமல் வேறொன்றை யோசிக்கத் தொடங்கியிருக்கும் யாருக்கும், சொந்தப் பெயரில் பொதுவெளிக்கு வருவதன் விலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கொடுக்கும் விலை அல்ல. ஒரே பாடத்திட்டம், ஒரே மதிப்பெண். விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இந்த இடத்தில் விக்கிப்பீடியாவின் ஒரு வழக்கம் ஆறுதல் தருகிறது. அங்கே புனைபெயரில் எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சிறுபத்திரிகைக்கும் பழக்கமான வழிதான். புனைபெயரை ஒளிந்துகொள்ளல் என்று நினைப்பவர்கள் அதன் இன்னொரு பக்கத்தைப் பார்ப்பதில்லை. ஆள் யார் என்பது மறையும்போது, வாக்கியம் எப்படி என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

5

அப்படியானால் இதெல்லாம் வேண்டாம், விடைத்தாளே போதும் என்கிறேனா? இல்லை. விடைத்தாளின் கடைசிச் சாக்கும் போய்விட்டது. 2022ன் இறுதியிலிருந்து எந்தத் தலைப்பில் கேட்டாலும் ஆயிரம் வார்த்தை எழுதிக் கொடுக்கும் யந்திரங்கள் யார் கைக்கும் எட்டிவிட்டன. வாசகனில்லாத எழுத்தை, இருவருக்கும் தெரிந்ததைப் பிசகில்லாமல் திருப்பிச் சொல்லும் எழுத்தை, மாணவனைவிட அது அலுப்பில்லாமல் செய்கிறது. எஞ்சி நிற்பது அந்நியன் கேட்ட கேள்வி மட்டுமே: உனக்கு எப்படித் தெரியும்? அதற்கு யந்திரத்தை முன்னே தள்ளிவிட்டு நகர முடியாது. ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும்.

நான் கேட்பது மதிப்பெண்ணைப் பொதுப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதை. விக்கிக்கோ வலைப்பதிவுக்கோ போவது மாணவனின் இஷ்டம். போனால் என்ன பெயரில் என்பதும், எப்போது திரும்புவது என்பதும் அவன் இஷ்டம். ஆசிரியர் மதிப்பிட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்புக்குள், வாய்மொழியாக, ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்து, இதை ஏன் மாற்றினாய், எதைப் படித்த பிறகு மாற்றினாய், எதிர்த்தவன் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று கேட்பது. இதற்கு இணையம்கூட அவசியமில்லை. ஏற்கனவே உள்ள ஒரு கட்டுரையின் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அதன் சான்றுகள் அது சொல்வதைத் தாங்குகின்றனவா என்று நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்க்கச் சொன்னால் போதும். ஒரு வாக்கியத்தைக்கூட எழுதாமல் ஒருவன் நல்ல வாசகனாக அந்த அறையை விட்டு வெளியேறலாம்.

மதிப்பெண் இல்லாவிட்டால் யார் எழுதுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. பதிலும் ஒளிவில்லாதது: சிலர். நாற்பது பேரில் மூன்று பேர், நான்கு பேர். இது மேட்டிமைத்தனம் என்று சொல்லப்படும் என்பதும் எனக்குத் தெரியும். நாற்பது பேரும் எழுதியாக வேண்டும் என்ற கட்டளை ஜனநாயகம் போலத் தோன்றுகிறது. அந்தக் கட்டளையின் கீழ் எழுதப்பட்ட பக்கங்களில் ஜனநாயகம் எங்கே இருந்தது என்று புனேயின் குப்பையை அள்ளியவனைக் கேட்கலாம். எல்லோருக்கும் திறந்திருப்பது வேறு. எல்லோரையும் உள்ளே தள்ளுவது வேறு. கதவு நாற்பது பேருக்கும் திறந்திருக்கட்டும். அந்த மூன்று பேர் யார் என்பதை ஜாதியோ, ஆங்கிலமோ, வீட்டில் கணினி இருப்பதோ தீர்மானிக்காமல் பார்த்துக்கொள்வது கல்லூரியின் கடமை. அதற்கு மேல், ஒருவன் எழுத வருவதும் வராததும் கல்லூரியின் காரியம் அல்ல.

வருகிறவனுக்கு நேரப்போவது இதுதான். அவன் யோசித்து, சான்று தேடி, ஒரு வாக்கியம் எழுதி வைப்பான். எங்கோ இருக்கிற ஒருவன், அவன் வயதையும் ஊரையும் மதிப்பெண்ணையும் அறியாதவன், அதை நீக்கிவிடுவான். அப்போது இவன் முன்னால் மூன்று வழிகள். நீக்கியது சரி என்று ஒப்புக்கொள்ளலாம்; தவறு என்று பேச்சுப் பக்கத்தில் காரணத்தோடு வாதிடலாம்; கோபித்துக்கொண்டு போய்விடலாம். மூன்றில் எதற்கும் யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. தான் எழுதியது உண்மையா என்பதை முதல் தடவையாக வேறெந்த லாப நஷ்டமும் குறுக்கிடாமல் அவன் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைக்கு அவனைத் தயார்ப்படுத்தி, பிறகு கையை எடுத்துக்கொள்வதுதான் ஆசிரியரின் வேலை. அவர் 'எழுதட்டும்' என்று சொன்னது எந்த அர்த்தத்தில் என்பது அப்போது தெரிந்துவிடும்.